போதகர் சட்டமன்றத்துக்குப் போகலாமா?

3.2.2024 – ஒரு வாசகரின் கேள்வி
அமெரிக்காவில் அரசும் மதமும் தனித்தனி என்றுதான் படித்திருக்கிறோம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்கிற பாப்டிஸ்ட் போதகர் திங்கட்கிழமை மாநிலச் சட்டமன்றத்தில் உட்கார்ந்து வாக்களிக்கிறார். இதை எப்படி அனுமதிக்கிறார்கள்? தடை போட வேண்டாமா? அங்கே இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

3.2.2024, இரவு
நான் டென்னசியில் இருக்கிறேன். தடை இருந்தது, இதே மாநிலத்தில்தான் இருந்தது. 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒன்பதுக்குப் பூஜ்யம் என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டது. விஷயம் அத்தோடு முடிந்தது. என்னைக் கேட்டால், போகக் கூடாது என்பதுதான் என் கட்சி. காரணம் பிறகு எழுதுகிறேன், நாளை காலை ஆறு மணிக்கு எழ வேண்டும்.

4.2.2024
திருத்தம். ஒன்பது இல்லை, எட்டு. நீதிபதி பிளாக்மன் அந்த வழக்கில் கலந்துகொள்ளவில்லை. "விஷயம் முடிந்தது" என்று எழுதியதும் தப்பு, அதற்கு மாலையில் வருகிறேன்.

வழக்கின் கதையை முழுதாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நல்ல கதை. பால் மெக்டேனியல் சாட்டனூகா நகரத்து பாப்டிஸ்ட் போதகர். 1977-இல் டென்னசி தன் அரசியல் சாசனத்தின் சில பகுதிகளைத் திருத்த ஒரு மாநாடு கூட்டியது. அதற்குப் பிரதிநிதியாகப் போக மெக்டேனியல் தேர்தலில் நின்றார். எதிர்த்து நின்ற செல்மா கேஷ் பேட்டி நீதிமன்றத்துக்குப் போனார். போதகர்கள் சட்டமன்றத்தில் உட்காரக் கூடாது என்று சாசனம் சொல்கிறது, சட்டமன்ற உறுப்பினருக்கு உள்ள தகுதிதான் மாநாட்டுப் பிரதிநிதிக்கும், ஆகவே இவர் நிற்கவே முடியாது என்பது அவர் வாதம். சட்டப்படி பார்த்தால் பிழையில்லாத வாதம். ஆனால் கீழ் நீதிமன்றம் மெக்டேனியல் பக்கம் சாய்ந்ததால் அவர் பெயர் வாக்குச்சீட்டில் இருந்தது. மற்ற மூன்று வேட்பாளர்களும் சேர்ந்து வாங்கிய வாக்குக்கு ஏறக்குறையச் சமமாக அவர் ஒருவரே வாங்கி ஜெயித்தார். ஜெயித்த பிறகு மாநில உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அங்கிருந்து வாஷிங்டன். 19.4.1978-இல் தீர்ப்பு வந்தது.

எட்டுப் பேரும் முடிவில் ஒன்று, காரணத்தில் நாலு கட்சி. தலைமை நீதிபதி பர்கர் சொன்னது: மதப் பணி செய்வது ஓர் உரிமை, பதவிக்குப் போட்டியிடுவது இன்னோர் உரிமை, ஒன்றை விட்டால்தான் மற்றது கிடைக்கும் என்று அரசு பேரம் பேச முடியாது. பிரென்னன் இன்னும் ஒரு படி மேலே போனார். மதத்தை ஆபத்தான சரக்கு போல நடத்துவதற்காக அந்த அரசு–மதப் பிரிவினை வரவில்லை. ஒரு போதகரின் கருத்து பிடிக்காவிட்டால் மறுத்துப் பேசு, தேர்தலில் தோற்கடி, அதுதான் மருந்து என்றார். ஒயிட் மத உரிமைப் பக்கமே வரவில்லை. எல்லாக் குடிமக்களையும் சமமாக நடத்தவில்லை, அது போதும் என்று முடித்துக்கொண்டார். ஸ்டூவர்ட் தனியாக ஒரு குறிப்பு எழுதினார்.

4.2.2024, மாலை
"முடிந்தது" என்றேனே. நீதிமன்றம் ஒரு வாசகத்தைச் செல்லாது என்றால் அது காகிதத்திலிருந்து மறைந்துவிடாது. டென்னசி சாசனத்தில் அந்த வரி 1978-க்குப் பிறகும் 44 ஆண்டுகள் அப்படியே அச்சாகிக்கொண்டிருந்தது. 2022 நவம்பர் தேர்தலில் மக்கள் வாக்களித்துத்தான் எடுத்தார்கள்.

அந்த 9-ஆம் பிரிவை ஒருமுறை வாசித்துப் பாருங்கள், சிரிப்பு வரும். யார் யார் பதவிக்கு வரக் கூடாது என்று மூன்று வகை சொல்லியிருந்தது. முதலில் போதகர்கள். இரண்டாவது, கடவுள் இல்லை என்பவர்களும் மறுமையில் பலனோ தண்டனையோ இல்லை என்பவர்களும். மூன்றாவது, துவந்த யுத்தம் செய்தவர்கள், அதாவது மானப் பிரச்சினைக்காக எதிரெதிரே நின்று சுட்டுக்கொள்கிறவர்கள். ஆக, கடவுளை முழுநேரம் நம்புகிறவனும் வேண்டாம், நம்பாதவனும் வேண்டாம், கோபம் வந்தால் துப்பாக்கி எடுப்பவனும் வேண்டாம். நடுவில் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் கோயிலுக்குப் போகிற சாந்தமான ஆள் போதும் என்று நினைத்திருக்கிறார்கள். மோசமான யோசனை என்று சொல்ல முடியவில்லை.

2022-இல் முதல் வகையை மட்டும்தான் எடுத்தார்கள். நாத்திகர் வரி இன்னும் அங்கேதான் இருக்கிறது. 1961-இலேயே மேரிலாந்து வழக்கொன்றில், கடவுள் நம்பிக்கையைப் பதவிக்குத் தகுதியாக வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால் அந்த வரிக்குப் பல் இல்லை.

7.2.2024
தடை நியாயம்தானே, மதச்சார்பற்ற அரசு என்றால் அதுதானே என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த வரியின் வாசகத்தைப் பாருங்கள். 1796-இல், மாநிலம் பிறந்தபோதே எழுதியது. போதகர்கள் தங்கள் தொழிலால் கடவுளுக்கும் ஆத்துமாக்களைப் பராமரிப்பதற்கும் ஒப்புக்கொடுக்கப்பட்டவர்கள், அந்தப் பெரிய கடமையிலிருந்து அவர்களைத் திசைதிருப்பக் கூடாது, ஆகவே சட்டமன்றத்தில் இடமில்லை. அரசைப் போதகரிடமிருந்து காப்பாற்றுவதாக அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. சபையைச் சட்டமன்றத்திடமிருந்து காப்பாற்றுவதாகத்தான் இருக்கிறது. உள்நோக்கம் வேறாக இருந்திருக்கலாம், எழுதிய காரணம் இதுதான்.

இந்த வழக்கம் இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே குருமாருக்குத் தனிச் சபை இருந்தது, அதனால் மக்களவையில் இடம் எதற்கு என்ற பழைய கணக்கு. 1801-இல் அதைச் சட்டமாகவே போட்டார்கள், 2001-இல்தான் எடுத்தார்கள். அமெரிக்காவின் முதல் 13 மாநிலங்களில் ஏழு இப்படித் தடை வைத்திருந்தன. விடுதலைப் பிரகடனத்தை எழுதிய ஜெஃபர்சனே வர்ஜீனியாவுக்காக 1783-இல் எழுதிய சாசன வரைவில் போதகர்களை வெளியே வைத்தார். 1788-இல் அவர் நண்பர் மேடிசன் அதைப் படித்துவிட்டு, ஒருவன் செய்கிற மதப் பணிக்குத் தண்டனையாக அவனுடைய குடிமை உரிமை ஒன்றைப் பறிப்பதா என்று கேட்டார். ஜெஃபர்சன் பின்னாளில், 1800-இல், தன் கருத்தை மாற்றிக்கொண்டதாக ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டார். பெரிய மனிதர்களும் பழைய பதிவைத் திருத்தியிருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு ஆறுதல்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஜான் விதர்ஸ்பூன். பிரெஸ்பிட்டேரியன் போதகர், இன்று பிரின்ஸ்டன் என்கிற கல்லூரியின் தலைவர், விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் பணியிலிருந்த ஒரே போதகர், நியூ ஜெர்சி சட்டமன்றத்திலும் இருந்தவர். ஜார்ஜியா தடை போட்டதைப் பார்த்துக் கிண்டலாக ஒரு திருத்தம் எழுதினார். குடிவெறி, கெட்ட வார்த்தை, ஒழுக்கக்கேடு ஆகியவற்றுக்காகச் சபையே ஒரு போதகரைப் பதவி நீக்கினால், அந்த நிமிடம் முதல் அவர் குடிமகனுக்கு உரிய எல்லா உரிமையும் திரும்பப் பெற்று சட்டமன்றத்துக்குத் தகுதியாகிவிடுவார் என்று சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். இருநூறு ஆண்டு கழித்து பர்கர் அதைத் தன் தீர்ப்பில் எடுத்துப் போட்டார்.

10.2.2024
ஏன் இத்தனை போதகர்கள் மாநிலச் சட்டமன்றங்களில் இருக்கிறார்கள்? பக்தி ஒரு காரணமாக இருக்கலாம். சம்பளத்தையும் பாருங்கள்.

தென் கரோலினா உறுப்பினருக்கு ஆண்டுக்கு 10,400 டாலர். டெக்சாஸில் 7,200, அங்கே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் வழக்கமான கூட்டத்தொடர், 140 நாள். நியூ ஹாம்ப்ஷயரில் ஆண்டுக்கு 100 டாலர். பூஜ்யம் விட்டுப்போகவில்லை, நூறுதான். படி தனியாக வரும், இருந்தாலும் இதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. எட்டு மணி வேலைக்குப் போகிறவன் ஜனவரியில் தொடங்கி சில மாதம் தலைநகரில் போய் உட்கார முடியுமா? என் மேலாளரிடம் ஒரு வாரம் விடுப்புக் கேட்டாலே முகம் மாறுகிறது. ஆகவே யார் வருகிறார்கள்? வக்கீல்கள், வீட்டுமனைத் தரகர்கள், ஓய்வு பெற்றவர்கள், சொந்தத் தொழில் வைத்திருப்பவர்கள், போதகர்கள். போதகருக்குச் சபை வீடு கொடுத்திருக்கும், வார நாளை அவரே பிரித்துக்கொள்ளலாம், மேடையில் பேசத் தெரியும், தொகுதியில் பாதிப் பேருடைய கல்யாணத்தையும் அடக்கத்தையும் நடத்தியிருப்பார். வேட்பாளருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

11.2.2024
சபை பிரச்சாரம் செய்யலாமா என்று கேட்டவருக்கு: கூடாது. 1954 முதல் வரிச்சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது, ஜான்சன் திருத்தம் என்பார்கள். அதன்படி வரிவிலக்குப் பெற்ற சபை எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது. போதகர் தனி மனிதராக நிற்கலாம். சபையின் பணம், வேன், அஞ்சல் பட்டியல், பிரசங்க மேடை எதையும் அதற்குத் தொடக் கூடாது. காகிதத்தில் தெளிவான கோடுதான்.

17.2.2024
சரி, என் காரணம். நீளமாக இருக்கும்.

டென்னசிக்கு வருவதற்கு முன் வேறொரு தெற்கு மாநிலத்தில் இருந்தோம். சின்ன பாப்டிஸ்ட் சபை, ஞாயிறு காலை தொண்ணூறு பேர் வந்தால் அதிகம். இந்தியக் குடும்பம் நாங்கள் மட்டும்தான். போதகர் வெள்ளைக்காரர், ஐம்பது வயது, சத்தமாகச் சிரிப்பார். 2012-இல் எனக்கு வேலை போனது. செவ்வாய்க்கிழமை காலை தகவல் தெரிந்து மதியத்துக்குள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஆறுதலாக ஒரு வசனம்கூடச் சொல்லவில்லை. சமையலறை மேசையில் உட்கார்ந்து என் மகளுக்கு இரண்டு மணி நேரம் பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். அப்படிப்பட்டவர்.

2014-இல் மாநிலச் சட்டமன்றத்துக்கு நின்றார், ஜெயித்தார். எனக்குச் சந்தோஷம்தான், நானும் வாசல் பலகை நட்டேன். அவர் படமும் தொலைபேசி எண்ணும் போட்ட காந்த அட்டை வீட்டுக்கு வீடு வந்தது, எங்கள் குளிர்பெட்டிக் கதவிலும் ஒட்டினோம்.

அவர் பிரசங்கம் மாறவில்லை. இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மேடையில் ஒரு நாளும் கட்சி பேசவில்லை. மாறியது ஆராதனை முடிந்து வாசலில் நிற்கிற வரிசை. முன்பெல்லாம் கைகுலுக்கி இரண்டு நிமிடம் பேசிவிட்டுப் போவோம். இப்போது ஆளுக்கொரு கோரிக்கை. சாலை போட வேண்டும், மருமகனுக்கு உரிமம் நிற்கிறது, மாவட்டப் பொறியாளர் போனை எடுப்பதில்லை. முன்பின் தெரியாத முகங்கள் கோப்போடு ஞாயிற்றுக்கிழமை வர ஆரம்பித்தன. அவர்கள் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். என் முறை வருவதற்குள் நான் சொல்ல வந்தது எனக்கே மறந்துபோகும்.

அப்புறம் பள்ளி வவுச்சர் மசோதா. அரசுப் பள்ளிக்குப் போகிற பணத்தில் ஒரு பகுதியைத் தனியார் பள்ளிக் கட்டணத்துக்குப் பெற்றோர் கையில் கொடுப்பது. என் மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. போதகர் ஆதரித்து வாக்களித்தார். அது அவர் உரிமை. ஆனால் அடுத்த மாதத் திருவிருந்தில் அப்பத் தட்டு வந்தபோது அவள் கை நீளவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள், "அவருக்கு நாம இப்போ ஆடுகளா, ஓட்டுகளா?" எனக்குப் பதில் தெரியவில்லை. வேறொரு உறுப்பினர் அப்படி வாக்களித்திருந்தால் திட்டிவிட்டு அடுத்த முறை மாற்றிப் போட்டிருப்போம். பிரென்னன் சொன்ன மருந்து அதுதானே? ஆனால் உன் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரைத் தேர்தலில் தோற்கடிப்பது எப்படி? தோற்கடித்துவிட்டு அடுத்த ஞாயிறு எந்த முகத்தோடு உட்காருவது?

2016 மார்ச்சில் எங்களோடு இருந்த என் மாமியார் இறந்தார். செவ்வாய் இரவு. கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தது. போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன், குரல் பதிவுக்குப் போனது. காலையில் சபையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு முதியவர் வந்து ஜெபம் செய்தார், வியாழன் அடக்க ஆராதனையையும் அவரே நடத்தினார். போதகர் வெள்ளிக்கிழமை வந்தார். கண் கலங்கித்தான் நின்றார். என் மனைவி தேநீர் கொடுத்தாள், உட்காரச் சொல்லவில்லை. அந்தக் கோடையில் எனக்கு டென்னசியில் வேலை கிடைத்தது.

1796-இல் எழுதியவர்களை நான் முட்டாள்கள் என்று சொல்லாததற்கு இதுதான் காரணம்.

18.2.2024
மேலே உள்ளதை மனைவி படித்துவிட்டாள். இரண்டு திருத்தம் சொல்கிறாள். கை நீளவில்லை என்பது என் கற்பனையாம். அப்பத்தை எடுத்தாளாம், சாப்பிட மனம் வராமல் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டாளாம். ஒரு வாரம் கைப்பையிலேயே இருந்ததாம், எறியவும் பயம். இது எனக்கு இன்றுதான் தெரியும். இரண்டாவது, தேநீர் கொடுக்கவில்லை, தண்ணீர்தான் கொடுத்தாளாம்.

இன்னொன்று என் பக்கம். அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் மிஷனரிப் பயணமாக ஆப்பிரிக்காவில் இருந்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்குமா? வந்திருக்காது, மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்லியிருப்பேன். அப்படியென்றால் என் பிரச்சினை அவர் ஊரில் இல்லை என்பதா, எங்கே இருந்தார் என்பதா? யோசிக்க வேண்டும்.

25.2.2024
யோசித்தேன். யோசித்தால் கிளமென்டா பிங்க்னி குறுக்கே வந்து நிற்கிறார். அவரைப் பற்றி எழுதாமல் இந்த இழையில் தீர்ப்புச் சொல்வது அயோக்கியத்தனம்.

தென் கரோலினாக்காரர். 13 வயதில் பிரசங்கம் செய்ய ஆரம்பித்தவர், 18 வயதில் போதகர். 1996-இல் 23 வயதில் மாநிலக் கீழவைக்குத் தேர்வானார், 2000-இல் மேலவை. ஏழை மாவட்டங்கள் அடங்கிய பெரிய தொகுதி. அதோடு சார்ல்ஸ்டன் நகரத்து எமானுவேல் ஏ.எம்.ஈ. சபையின் போதகர். ஏ.எம்.ஈ. என்பது கறுப்பினத்தவர் தொடங்கிய மெதடிஸ்ட் பிரிவு. 1822-இல் டென்மார்க் வேசி அடிமைகளின் எழுச்சிக்குத் திட்டமிட்டார் என்று தூக்கிலிடப்பட்டாரே, அவர் இருந்த சபை. கறுப்பினச் சபைகளில் போதகர் வேறு, அரசியல் வேறு என்ற கோடு எப்போதும் நம் பாடப்புத்தகத்தில் உள்ளதுபோல் இருந்ததில்லை. உள்நாட்டுப் போருக்குப் பிறகு முதல் கறுப்பின செனட்டராக 1870-இல் வாஷிங்டன் போன ஹிராம் ரெவல்ஸும் போதகர்தான். அதற்குமுன் மிசிசிப்பி மாநில மேலவையில் இருந்தார். அங்கே அவர் செய்த தொடக்க ஜெபம்தான் அவரை செனட்டர் ஆக்கியது என்று உடனிருந்தவர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். ஒரே ஜெபத்துக்கு இவ்வளவு சீக்கிரம் பதில் கிடைத்து நான் கேள்விப்பட்டதில்லை.

பிங்க்னிக்கு வருவோம். 2015 ஏப்ரலில் வடக்கு சார்ல்ஸ்டனில் வால்டர் ஸ்காட் என்ற கறுப்பினத்தவரை ஒரு போலீஸ்காரர் முதுகில் சுட்டுக் கொன்றார். வழியில் போன ஒருவர் கைபேசியில் படம் பிடித்ததால்தான் உண்மை வெளியே வந்தது. போலீஸார் உடலில் கேமரா அணிய வேண்டும் என்ற மசோதாவுக்காக பிங்க்னி மேலவையில் பேசினார். தோமாவின் கதையை எடுத்தார். இயேசு உயிர்த்தெழுந்தார் என்றபோது, ஆணித் தழும்பைப் பார்த்துத் தொட்டால் ஒழிய நம்பமாட்டேன் என்ற சீடர் தோமா. ஸ்காட் சாவின் முதல் செய்தியை நம்பியவர்களும் சந்தேகப்பட்டவர்களும் இருந்தோம், படத்தைப் பார்த்தபோதுதான் தோமாவைப் போல நம்பினோம் என்கிற மாதிரிப் பேசினார்.

அந்தத் தோமாவின் பெயர் கொண்ட பரங்கிமலையைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது உள்ளே போய்த் தைத்தது. இத்தனை நாள் தோமாவை ஒரு குறையாகத்தான் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன், "சந்தேகத் தோமா" என்று. இவர் அதே தோமாவைக் குடிமகன் ஆக்கிவிட்டார். காட்டு, அப்புறம் நம்புகிறேன் என்று அரசாங்கத்திடம் கேட்கிற குடிமகன். வக்கீல் உறுப்பினருக்கு இந்தப் பேச்சு வராது. மசோதா சட்டமாயிற்று.

17.6.2015 அன்று தலைநகர் கொலம்பியாவில் சட்டமன்ற வேலை. முடித்துவிட்டு இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி சார்ல்ஸ்டன் வந்து புதன்கிழமை மாலை வேதபாட வகுப்பில் உட்கார்ந்தார். தெரியாத வெள்ளை இளைஞன் ஒருவன் வந்தான், பக்கத்தில் இடம் கொடுத்தார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் உடன் இருந்துவிட்டுச் சுட ஆரம்பித்தான். பிங்க்னியையும் சேர்த்து ஒன்பது பேர் இறந்தார்கள். அவருக்கு வயது 41.

உடல் சட்டமன்ற மண்டபத்தில் வைக்கப்பட்டபோது வெளியே கூட்டமைப்புக் கொடி முழுக் கம்பத்தில் பறந்துகொண்டிருந்தது. அடிமை முறைக்காகப் போரிட்ட தரப்பின் கொடி. அதை இறக்க மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் வேண்டும் என்று சட்டம். சன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி மறைத்தார்கள். ஜூலை 10-ஆம் தேதி கொடி இறங்கியது. இரங்கல் உரையில் ஒபாமா மேற்கோள் காட்டியது பிங்க்னியின் வாசகம்: நம் அழைப்பு சபையின் சுவர்களுக்குள் மட்டும் இல்லை, அந்தச் சபை இருக்கிற சமூகத்தின் வாழ்விலும் இருக்கிறது.

இந்த மனிதரிடம் போய் "ஐயா, உங்கள் பெரிய கடமையிலிருந்து திசைமாறாதீர்கள்" என்று 1796-ஐ வாசித்துக் காட்ட எனக்கு வாய் வராது. எங்கள் போதகரிடம் வாசித்துக் காட்டுவேன். ஆக என் கொள்கைக்கு ஒரே அளவுகோல் இல்லை. தெரிகிறது.

2.3.2024
இந்தியாவில் இது உண்டா என்று கேட்டவர்களுக்கு. உண்டு, அதுவும் சாதாரணமாக இல்லை. ஷில்லாங்கைச் சேர்ந்த ஜே.ஜே.எம். நிக்கல்ஸ் ராய், காசி இனத்தவர், சர்ச் ஆஃப் காட் போதகர். 1920-களிலிருந்து அசாம் சட்டமன்றத்தில் இருந்தவர், அமைச்சராகவும் இருந்தார், அரசியல் நிர்ணய சபைக்கும் போனார். மலைப் பகுதிகளுக்குத் தன்னாட்சி மாவட்டக் குழு தருகிற ஆறாவது அட்டவணைக்குப் பின்னால் அவர் உழைப்பு இருக்கிறது. 1949 செப்டம்பரில் அது விவாதத்துக்கு வந்தபோது, மலை மக்களைப் பண்படுத்த வேண்டும் என்ற தொனியில் பேசியவர்களிடம், எங்களிடையே உயர்வு தாழ்வு இல்லை, தலைவனும் கூலியாளும் சேர்ந்து உழுது சேர்ந்து சாப்பிடுகிறோம் என்றார். நம் பக்கமும் ஒருவர் அந்தச் சபையில் இருந்தார், சென்னையிலிருந்து போன இயேசு சபைக் குரு ஜெரோம் டி சூசா.

இங்கே ஒரு வேடிக்கை. பழங்குடியினர் பட்டியலுக்கு மதம் தடையில்லை; காசி, மிசோ, நாகாப் போதகர் தனித்தொகுதியிலேயே நிற்கலாம். பட்டியல் சாதிக்கு 1950 ஆணைப்படி மதம் உண்டு. முதலில் இந்து, 1956-இல் சீக்கியர், 1990-இல் பௌத்தர். ஆகவே நம் ஊரில் தலித் கிறிஸ்தவப் போதகர் நிற்க வேண்டுமானால் பொதுத்தொகுதிதான். சட்டம் போதகரைத் தடுக்கவில்லை, ஆனால் கிறிஸ்தவர் என்பதால் அவருக்கு ஒரு கதவு மூடியிருக்கிறது. டென்னசிக்காரர்கள் சாட்டனூகா போதகருக்குச் செய்ததைவிட இது நாசூக்கான வேலை.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123-ஆம் பிரிவில் இன்னொன்று இருக்கிறது. எனக்கு வாக்களிக்காவிட்டால் தெய்வ கோபத்துக்கு ஆளாவாய் என்று வாக்காளரை நம்பவைத்தால் அது முறைகேடான செல்வாக்கு, தேர்தலே செல்லாமல் போகும். நம் சட்டத்தில் தெய்வ கோபம் வருகிற இடம். மிசோரமில் இன்னும் தலைகீழ். அங்கே சபைகள் சேர்ந்து நடத்தும் அமைப்பு ஒன்று தேர்தல் விருந்து, கொடி தோரணம், வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்பது எல்லாவற்றையும் கட்டுப்படுத்துகிறது. 2023 டிசம்பரில் வாக்கு எண்ணிக்கை ஞாயிறு வந்ததால், அந்த மாநிலத்துக்கு மட்டும் ஒருநாள் தள்ளி 4-ஆம் தேதி வைத்தார்கள்.

3.3.2024
கத்தோலிக்கர் கணக்கு வேறு, சுருக்கமாக. மாசசூசெட்ஸ் குரு ராபர்ட் டிரினன் 1971 முதல் பத்து ஆண்டு அமெரிக்கக் கீழவையில் இருந்தார். 1980-இல் போப் இரண்டாம் ஜான் பால், குருமார் பதவியில் இருக்கக் கூடாது என்றார். டிரினன் மறுபேச்சில்லாமல் மறுபடி நிற்கவில்லை. 1983 திருச்சபைச் சட்டத்தில் அது எழுத்திலும் வந்துவிட்டது. சபைக்குள்ளிருந்து வருகிற தடை இது, அரசு போட்டதில்லை. எனக்கு இதில் ஆட்சேபணையில்லை. பாப்டிஸ்டுகளுக்கு ரோமும் இல்லை, பேராயரும் இல்லை. சபைதான் முடிவெடுக்க வேண்டும், சபைக்கோ சாலை வேண்டும்.

9.3.2024
ஒன்றை மறைத்துவிட்டேன். 2022 நவம்பரில் அந்த வரியை நீக்கும் கேள்வி வாக்குச்சீட்டில் வந்தது என்றேனே, நான் குடியுரிமை வாங்கி வாக்களித்த முதல் பெரிய தேர்தல் அது. நாலு திருத்தங்கள் இருந்தன. மூன்றாவது, சிறைத் தண்டனையாகக்கூட அடிமைத்தனம் கூடாது என்பது. ஆம் என்று போட்டேன். நாலாவது போதகர்கள். மெக்டேனியல் வழக்கு தெரியும், அந்த வரி செத்துப்போனது என்று தெரியும், மேடிசன் சொன்னதும் தெரியும். சாவடியில் நின்று, மாமியார் நினைவு வந்து, "இல்லை" என்று போட்டேன். அறுபது சதவீதத்துக்கு மேல் ஆம் என்றதால் என் வாக்கால் யாருக்கும் நஷ்டமில்லை.

ஆனால் அடிமைத்தனத்தை ஒழிக்கிற கேள்விக்கு ஆம் போட்ட அதே பேனாவால், பிங்க்னி மாதிரி ஒருவர் மாநில அவைக்குப் போகக் கூடாது என்று போட்டிருக்கிறேன். இதை இப்போதுதான் சேர்த்துப் பார்க்கிறேன்.

என் முதல் குறிப்பில் "போகக் கூடாது என்பதுதான் என் கட்சி" என்று இருக்கிறதே, அதை அடித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள். போகலாம். போகிறவர் சபையை வேறொருவர் கையில் முழுதாகக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று சொல்ல ஆசை. பிங்க்னி கொடுக்கவில்லை. ஆகவே அதையும் சொல்லவில்லை.

31.3.2024, ஈஸ்டர்
பழைய போதகருக்குப் போன் செய்தேன். எட்டு ஆண்டில் முதல் தடவை. இரண்டு தவணையோடு அரசியலை விட்டுவிட்டாராம், சபையையும் போன வருஷம் விட்டுவிட்டார், முழங்கால் வலி. அதே சிரிப்பு. மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டார், பின்னக் கணக்கு நினைவிருக்கிறதாம். வவுச்சர் வாக்கு பற்றிக் கேட்டேன். இன்றும் அது சரி என்றுதான் நினைக்கிறார், விட்டுக்கொடுக்கவில்லை.

பிறகு மாமியார் இறந்த இரவைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. தன்னிடம் இரண்டு போன் இருந்தது என்றார். சபைக்குக் கொடுத்த எண்ணை இரவிலும் அவையிலும் அணைத்ததே இல்லையாம், அந்தத் தொடரிலேயே மூன்று முறை பாதிக் கூட்டத்தில் எழுந்து ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாராம். "நீங்கள் எந்த எண்ணுக்கு அடித்தீர்கள்?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். போனை வைத்துவிட்டு மனைவியிடம் கேட்டேன். குளிர்பெட்டியில் இருந்ததைத்தானே பார்த்து அடித்தீர்கள் என்றாள். அந்தக் காந்த அட்டை கருவிப்பெட்டியில் திருகாணிகளைப் பிடித்துக்கொண்டு இன்னும் கிடக்கிறது. எடுத்துப் பார்த்தேன். தலைநகரத்து எண், சட்டமன்ற அலுவலகம். சபை எண் உள்ள அட்டை அன்று எங்கே இருந்தது என்றும் அவளுக்கு நினைவிருக்கிறது. மாமியாரின் பைபிளுக்குள், அவர் தலைமாட்டில்.